சந்தேகம் யாருக்கு

அந்த மனநல மருத்துவமனையில் எல்லோரும் அவளை எண்ணக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ஒவ்வொரு நோய்க்கும் ஓர் எண் உண்டு. டாக்டர் எழுதிய குறிப்பைப் படித்து, அதற்குரிய எண்ணைக் கணினியில் ஏற்றினால்தான் காப்பீட்டு நிறுவனத்துக்கு பில் போகும். அந்த எண்ணைப் போடுவதுதான் அவள் வேலை. மற்றவர்கள் தலையணை தடிமனுக்கு இருக்கும் எண் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருக்கும்போது இவள் நாக்கு நுனியில் எண் நிற்கும். அதனால் எண்ணக்கா. யாராவது வாசலில் நின்று குரல் கொடுத்தால் பெயரைச் சொல்கிறார்களா, 'என்ன அக்கா' என்று விசாரிக்கிறார்களா என்றே தெரியாது. இரண்டுக்கும் பொதுவாக அவள் "சொல்லு" என்பாள்.

நோயாளிகள் யாரையும் அவள் பார்த்ததில்லை. அவளுடைய அறை மாடிப்படிக்குக் கீழே, போர்வை அடுக்கும் ஸ்டோர் ரூமை ஒட்டி இருந்தது. கதவில் பலகை கிடையாது. யாருக்குத் தூக்கம் வரவில்லை, யார் நாளெல்லாம் கை கழுவிக்கொண்டிருக்கிறார், யாருக்குக் கூட்டத்தைக் கண்டால் மூச்சு முட்டுகிறது என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. ஆனால் அதே ஆள் எதிரே வந்து நின்றால் வழிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பாள். அப்படி இருப்பதுதான் நோயாளிக்கும் நல்லது, தனக்கும் நல்லது என்பது அவள் எண்ணம்.

ஒருநாள் காலையில் கதவைத் தள்ளிக்கொண்டு ஒரு பெண் உள்ளே வந்தாள். நல்ல உயரம், அகலமான தோள். கையில் நாலாக மடித்த ஒரு தாள்.

"இங்கதான் வியாதிக்கு நம்பர் போடறாங்களா?"

"உங்கள யாரு இங்க அனுப்புனது? ரெக்கார்ட்ஸ் கவுண்டர் அந்தப் பக்கம்."

"அங்கதான் முதல்ல போனேன். டாக்டரக் கேளுங்கன்னாங்க. டாக்டர் ரூம் வாசல்ல அப்பாயின்ட்மென்ட் இருக்கான்னாங்க. போர்வை தூக்கிட்டுப் போன அம்மாதான் பாவம்னு சொன்னாங்க, நம்பரெல்லாம் இந்த ரூம்லதான்னு."

சொல்லிவிட்டு, யாரும் சொல்லாமலே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். எண்ணக்காவுக்கு எரிச்சல்தான் வந்தது. இந்த அறையில் இரண்டாவது நாற்காலி இருப்பதே கோப்பு வைக்கத்தான்.

வந்தவள் நகரப் பேருந்து ஓட்டுபவள். கொஞ்ச காலத்துக்கு முன் ஒரு சைக்கிள்காரர் அவள் பேருந்தின் முன்சக்கரத்துக்கு ஒரு சாண் தள்ளி விழுந்தார். அவருக்குச் சின்னக் கீறல்கூட இல்லை. எழுந்து சட்டையைத் தட்டிக்கொண்டு போய்விட்டார். இவளுக்குத்தான் அன்றிலிருந்து தூக்கம் போயிற்று. கண்ணை மூடினால் சக்கரம். நல்ல பிள்ளையாக விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, இந்த மருத்துவமனைக்கு வந்து டாக்டரைப் பார்த்தாள். மாத்திரை, பேச்சு, மூச்சுப் பயிற்சி என்று தூக்கம் மெல்லத் திரும்பியது. வேலைக்குத் திரும்ப மருத்துவமனையிலிருந்து ஒரு சுருக்கக் குறிப்பு வேண்டும். வாங்கிக் கொண்டுபோய் டெப்போவில் நீட்டினாள். அதில்தான் வந்தது வினை.

"எனக்கு சந்தேக நோயாம் மேடம்." தாளை மேசையில் விரித்தாள். "டெப்போ மேனேஜர்ட்ட, நான் யாரையும் சந்தேகப்படலைங்கன்னேன். இந்த வியாதிக்காரங்க அப்படித்தான் சொல்வாங்களாம். நெட்ல படிச்சாராம். அப்புறம் நான் என்னத்தச் சொல்றது?"

எண்ணக்கா தாளைப் பார்த்தாள். அச்சடித்த எழுத்து. அவள் ஏற்றுகிற எண்ணைத்தான் கணினி நோயின் பெயராக மாற்றி இதில் அடித்துத் தரும்.

"வீட்ல?" என்று கேட்டாள். கேட்டது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

"அவரும் படிச்சிருக்காரு." டிரைவரம்மா குரலைத் தாழ்த்தினாள். "அவரு போன் அடிச்சுது. யாருங்கன்னு கேட்டேன். கல்யாணமான நாள்லேர்ந்து கேக்கற கேள்விதான். வழக்கமா, 'உங்க அப்பன், வேற யாரு'ன்னு கத்துவாரு. அன்னிக்கி போனை என் கையில குடுத்து, 'நீயே பாத்துக்கோம்மா'ன்னு மெதுவாச் சொன்னாரு. சண்டை போட்டிருந்தா பரவால்ல. மெதுவாச் சொன்னாரு பாருங்க, அதுதான் தாங்கல. அதுக்கப்புறம் நான் வாயத் தொறந்து எதையும் கேக்கறதில்ல. எங்க போறீங்கன்னு கேக்கறதில்ல. உப்பு போதுமான்னுகூடக் கேக்கறதில்ல மேடம்."

எண்ணக்கா கணினியில் அவளுடைய கோப்பைத் திறந்தாள். இந்த மருத்துவமனையில் டாக்டர் வாயால் சொல்லச் சொல்லக் கணினியே தட்டெழுதிக்கொள்ளும். புள்ளி, காற்புள்ளி எல்லாம் அதன் இஷ்டம். குறிப்பு சின்னதுதான். 'தூக்கமின்மை. இரவில் மேல் வீட்டில் யாரோ நடப்பதாகச் சொல்கிறார். மனச்சோர்வு, சந்தேகம்.' அதன் கீழே அவள் போட்ட எண்கள் மூன்று. மூன்றாவது சந்தேக நோய்.

"மேல் வீட்ல யாரு நடக்கறது?"

"அங்க பச்சக்கொழந்த மேடம். அழுவுதுன்னு அவங்கப்பா தோள்ல போட்டுக்கிட்டு நடக்கறாரு. டாக்டர்ட்டயும் சொன்னேனே. எனக்குத் தூக்கம் வராததுனால அதெல்லாம் கேட்டுச்சு. இப்பத் தூங்கறேன், கேக்கறதில்ல."

எண்ணக்கா அந்த வரியை மறுபடி படித்தாள். 'மனச்சோர்வு சந்தேகம்' என்று டாக்டர் ஒரே மூச்சில் சொல்லியிருப்பார். மனச்சோர்வாக இருக்குமோ என்று தனக்குச் சந்தேகம், அவ்வளவுதான் அதற்கு அர்த்தம். நடுவில் கணினி ஒரு காற்புள்ளியைச் செருகிவிட்டது. மேல்வீட்டுக் காலடிச் சத்தத்தையும் அந்தச் சொல்லையும் இவள் முடிச்சுப் போட்டுவிட்டாள். டாக்டருக்கு வந்த சந்தேகத்தைத் தூக்கி நோயாளி தலையில் கட்டியாயிற்று. உறுதியாகாத நோய்க்கு எண் போடவே கூடாது என்பது இந்தத் தொழிலில் அரிச்சுவடி. அப்படிப் பார்த்தால் மனச்சோர்வுக்குப் போட்டதும் தப்பு.

குழப்பமாக இருந்தால் டாக்டருக்குக் கணினியிலேயே கேள்வி அனுப்பலாம். கொயரி என்பார்கள். எண்ணக்கா அனுப்புவதில்லை. அறைச்சுவரில் ஒட்டுகிற மாதக் கொயரிப் பட்டியலில் அவள் பெயருக்கு நேரே எப்போதும் பூஜ்யம்தான். அதில் அவளுக்கு ஒரு கர்வம், பொல்லாத கர்வம்.

"வெளிய பெஞ்சுல கொஞ்சம் இருங்க," என்றாள். "போயிடாதீங்க."

கொயரிக்கும் ஒரு சட்டம் உண்டு. டாக்டர் வாயில் பதிலைத் திணிக்கக் கூடாது. 'இதுதானே சொன்னீர்கள்' என்று கேட்டால் அந்தப் பதில் செல்லாது. ஆகவே பார்த்துப் பார்த்து எழுதினாள்: 'குறிப்பில் உள்ள சந்தேகம் என்ற சொல் நோயாளியின் அறிகுறியா, நோய் பற்றிய தங்கள் கருத்தா?' மாடியிலிருந்து சுடச்சுடப் பதில் வந்தது. 'ஆமாம்.'

"ஆமாமாம்," என்று முணுமுணுத்துவிட்டு எண்ணக்கா படியேறினாள்.

டாக்டர் நல்ல மனிதர். நோயாளி அழுது முடிக்கும்வரை கடிகாரத்தைப் பார்க்க மாட்டார். அந்தத் தாமதத்தை எல்லாம் குறிப்பு எழுதுவதில் பிடித்துவிடுவார். இரண்டு நோயாளிகளுக்கு நடுவே அவரைப் பிடித்தாள்.

"டாக்டர், இந்த வரிய எனக்கு உங்க வாயால ஒருதடவ விளக்கிச் சொல்லுங்க."

அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார். "மனச்சோர்வு இருக்குமோன்னு ஒரு டவுட். அடுத்த விசிட்டுல பாத்தேன், இல்ல. அந்த சைக்கிள் விழுந்த அதிர்ச்சி, தூக்கம் போச்சு, அவ்ளோதான். ஏன்?"

"சந்தேகம்னு தனியா ஒரு அறிகுறி?"

"அந்த அம்மாவுக்கா? அவங்க மேல்வீட்டுக்கே போயி, கொழந்தய நான் கொஞ்சநேரம் வச்சுக்கட்டுமான்னு கேட்டுட்டு வந்தவங்க." சிரித்தவர் இவள் முகத்தைப் பார்த்து நிறுத்தினார். "என்ன போட்டீங்க?"

எண்ணக்கா எண்ணைச் சொன்னாள். முதன்முறையாக அது நாக்கில் ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. டாக்டர் ஒன்றும் திட்டவில்லை. "நானும் குழந்தை விஷயத்த எழுதியிருக்கணும்," என்று மட்டும் சொல்லிவிட்டு, அவள் எதிரிலேயே திருத்தக் குறிப்பு எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

கீழே வந்து கோப்பைத் திருத்தப் போனால் கணினி ஒரு கேள்வி கேட்டது. நோய்ப் பட்டியலிலிருந்து ஒன்றை எடுக்க வேண்டுமானால் காரணம் சொல்ல வேண்டும். 'குணமானது' என்றால் ஒரு பொத்தான், 'தவறுதலாகப் பதிவானது' என்றால் இன்னொன்று. இரண்டாவதை அழுத்தினால் பில்லிங் மேலாளரின் ஒப்புதல் வேண்டும். மேலாளரைத் தன் அறைக்கு வரச் சொன்னாள். அவளை விட வயதில் சின்னவர், கெட்டவர் இல்லை, பயந்தவர்.

"அக்கா, குணமாயிடுச்சுன்னு போட்டுடுங்க," என்றார் அவர். "வேலை முடிஞ்சுது. தப்புன்னு போட்டா பில்லத் திருப்பணும். அதோட விடுவாங்களா? வெளியாள் வந்து உங்க கைபட்ட கோப்பையெல்லாம் தோண்டுவாங்க. உங்களுக்கு இந்த வருஷம் தலைமைப் பொறுப்பு வரப்போகுது. எதுக்கு வம்பு?"

தலைமைப் பொறுப்பு என்றால் மாடியில் ஓர் அறை, ஜன்னல் வைத்த அறை. ஆசை இல்லை என்று சொன்னால் அது பொய். குணமானது என்று போட்டால் யாருக்கு என்ன நஷ்டம் என்றுகூட ஒரு நிமிஷம் மனசு கணக்குப் போட்டது.

கதவு சரியாகச் சாத்தியிருக்கவில்லை. டிரைவரம்மா பெஞ்சிலிருந்து எழுந்து வந்து வாசலில் நின்றாள்.

"சார், குறுக்க பேசறேன்னு நெனைக்காதீங்க. குணமாயிடுச்சுன்னு எழுதிடாதீங்க. வந்தாத்தானே குணமாகறதுக்கு? அப்படி எழுதினா எங்க டெப்போவுல ஒரு வருஷம் வண்டி குடுக்க மாட்டாங்க, திரும்ப வருதான்னு பாப்பாங்க. அது போகட்டும், டிக்கெட் கவுண்டர்ல உக்காந்துக்கறேன். வீட்ல என்ன பண்றது? மாத்திரை சாப்புட்டதால சரியா இருக்கா, நாளைக்கி மறுபடியும் ஆரம்பிச்சுடுவாளோன்னு அந்த மனுஷன் காலம் பூரா என் மூஞ்சியப் பாத்துக்கிட்டே இருப்பாரு. இருந்ததே இல்லன்னு எழுதுங்க சார்."

மேலாளர் எண்ணக்காவைப் பார்த்தார். எண்ணக்கா டிரைவரம்மாவைப் பார்த்தாள். இத்தனை வருஷத்தில் அவள் போட்ட எண்ணோடு எதிரே வந்து நின்ற முதல் முகம். தன் கர்வத்தை நினைத்து அவளுக்கு வெட்கமாகவும் இந்தப் பெண்ணை நினைத்துப் பாவமாகவும் இருந்தது.

"தப்பு என்னோடதும்மா," என்றாள். "உங்களுக்கு இந்த வியாதி வரவே இல்ல. டாக்டர் ஒண்ணு சொன்னாரு, நான் ஒண்ணாப் படிச்சேன். ஒரு வார்த்த கேட்டிருக்கணும், கேக்கல."

டிரைவரம்மா கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தாள். அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, "அப்ப எனக்கு இல்லதானே?" என்று கேட்டாள்.

"இல்ல."

"சார் முன்னாடி இன்னொருதடவ சொல்லுங்க."

"இல்லவே இல்ல."

எண்ணக்கா இரண்டாவது பொத்தானை அழுத்தினாள். தவறு யாருடையது என்று கேட்ட கட்டத்தில் தன் பெயரை முழுசாக எழுதினாள். எண்ணக்கா என்றே கேட்டுப் பழகியதில் அந்தப் பெயர் அவளுக்கே புதுசாகத் தெரிந்தது. "நீங்க ஒப்புதல் குடுங்க தம்பி. தோண்டறவங்க தோண்டட்டும். இதுமாதிரி இன்னும் எத்தன பேர் தலையில கட்டியிருக்கேனோ, தெரிஞ்சாத் தேவல." மேலாளர் தலையைச் சொறிந்தார், பெருமூச்சு விட்டார், கடைசியில் கையெழுத்தைப் போட்டார்.

புதுத் தாள் அச்சாகி வந்தது. அடியில் டாக்டரின் குறிப்பைத் தழுவி ஒரு வரி: 'சந்தேக நோய் என முன்பு குறிக்கப்பட்டது மருத்துவமனையின் பதிவுப் பிழை. இவருக்கு அந்நோய் எப்போதும் இருந்ததில்லை.' டிரைவரம்மா அதை வாய்விட்டு ஒருமுறை படித்தாள். வாசலைத் தாண்டவில்லை, அங்கேயே நின்று போனை எடுத்தாள்.

"என்னங்க... எங்க இருக்கீங்க?" மறுமுனையில் எடுத்ததும் கேட்டாள். "பக்கத்துல யாரு? ஏன் போன் எடுக்க இவ்ளோ நேரம்? காலையில சொல்லாமக் கொள்ளாம எங்க கெளம்பிப் போனீங்க?"

மறுமுனையில் ஏதோ தணிந்த குரலில் பதில் வந்தது. டிரைவரம்மா தலையை ஆட்டினாள்.

"இல்லீங்க, மெதுவாப் பேசாதீங்க. ஆஸ்பத்திரியில எழுதிக் குடுத்துட்டாங்க, எனக்கு எப்பவுமே ஒண்ணுமில்லையாம். தப்பா எழுதிட்டாங்களாம். நீங்க எப்பவும் போல கத்துங்க."

பிறகு போனிலிருந்து ஒரு ஆண் குரல் மாடிப்படி வரைக்கும் கேட்கிற மாதிரி கத்தியது, தான் எங்கே போனால் இவளுக்கென்ன, வேலைவெட்டி இல்லையா என்று. கத்திக்கொண்டிருக்கும்போதே அந்தக் குரல் உடைந்தது. டிரைவரம்மா போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, "எங்க போனீங்க, சொல்லுங்க," என்று அழுதுகொண்டே மறுபடியும் கேட்டாள்.