கொர்னேலியஸ் என்னும் தூசி

கெஸியாவுக்கு ஆறு வயது. மூக்குக்குப் பின்னால் வளர்ந்திருந்த அடினாய்டு சதையைக் கோயமுத்தூரில் எடுத்துவிட்டு, நீலகிரி மலையிலிருக்கும் தங்கள் ஊரான அரவேணுவுக்குக் கிளம்பும்போது டாக்டர் சொல்லி அனுப்பினார். "சில பிள்ளைங்களுக்கு மறுபடி வளரும். தூசி, புகை ஆகாது. சளி பிடிக்காமப் பாத்துக்கங்க. மூக்குல அடிக்கிற ஸ்பிரேயை நிறுத்தாதீங்க."

அவளுடைய அம்மா எல்சா எதையும் அரைகுறையாகச் செய்கிற ஆள் இல்லை. கம்பளி போனது. குளிருக்கு வைக்கும் நெருப்புச் சட்டி போனது. சுவரில் பூத்திருந்த பூஞ்சணத்தைச் சுரண்டிச் சுண்ணாம்பு அடித்தாள். கரடி பொம்மையைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டு எடுத்தாள். அதற்குப் பிறகு அது கரடியாக இல்லை. எல்லாம் முடித்துச் சுற்றிலும் பார்த்தபோது வீட்டில் மிச்சமிருந்த தூசி ஒன்றே ஒன்றுதான். அது அவள் கணவன்.

கொர்னேலியஸுக்குத் தேயிலை பேக்டரியில், தூள் சலிக்கும் பகுதியில் வேலை. ஒரு ஷிப்ட் வேலை பார்த்தால் புருவத்தில்கூடத் தூள் படியும். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் கெஸியா ஓடிவந்து அவன் காலைக் கட்டிக்கொள்வாள். நாள் முழுக்க அவன் அந்த இயந்திரச் சத்தத்தைப் பொறுத்துக்கொண்டதே அதற்காகத்தான். சம்பளத்துக்காக என்று சூப்பர்வைசர் நினைத்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க, அங்கயே நில்லுங்க," என்று இப்போது வாசலிலேயே மறித்தாள் எல்சா. "பின்னால போய்க் குளிச்சுத் துணி மாத்திட்டு ஊட்டுக்குள்ள வாங்க."

டிசம்பர் குளிரில் கொர்னேலியஸ் பின்பக்கம் போய்க் குளித்தான். தினமும் அவன் தலை துவட்டி வருவதற்குள் கெஸியா டிவியில் மூழ்கியிருப்பாள். பக்கத்தில் போனால், "அப்பா, மறைக்குது" என்பாள். எல்சா அவனை வாசலில் நிறுத்துவதைப் பார்த்த பக்கத்து வீட்டு ஸ்டெபி, புருஷன் பெண்டாட்டிக்குள் ஏதோ சண்டை என்று நினைத்து அவர்களுக்காக ஜெபிக்க ஆரம்பித்தாள்.

தூசி இல்லாத, பச்சை இலை வாட்டும் பகுதிக்கு மாற்றச் சொல்லிக் கேட்டுப் பார்த்தான். "பொண்ணு மூக்குக்கெல்லாம் டிரான்ஸ்பர் கிடையாதுப்பா," என்றார் சூப்பர்வைசர்.

ஆறு மாதம் கழித்து டாக்டர் கெஸியாவின் மூக்குக்குள் கேமரா விட்டுப் பார்த்தார்.

"வளரவே இல்லை. வீட்ல அப்படி என்னம்மா பண்ணீங்க?"

"இவரை வெளிய நிறுத்தினேனுங்க," என்றாள் எல்சா.

டாக்டர் சிரிக்கவில்லை. "நல்லது. அதையே பண்ணுங்க. பத்து வயசு வரைக்கும் பாத்துக்கிட்டா அப்புறம் பெரும்பாலும் தானாச் சுருங்கிரும்."

கொர்னேலியஸுக்கு நிஜமாகவே சந்தோஷம். இன்னொரு ஆபரேஷன் இல்லை என்றதும் கண் கலங்கிவிட்டது. ஆனால் பத்து வயதுப் பெண் எங்கே ஓடிவந்து அப்பா காலைக் கட்டிக்கொள்ளப் போகிறாள்?

"சரிங்க டாக்டர்," என்றான்.