அளவுக்கு ஒரு பழைய உறை

ஆங் மோ கியோவில் ரயிலைப் பிடிக்கிற அவசரத்தில், நிரஞ்சனா தன் தலையணையிலிருந்து உறையை உருவி, நான்காக மடித்துக் கைப்பையில் திணித்துக்கொண்டாள். அலமாரியில் தோய்த்து மடித்த உறை இருந்தது. அதைத் தேட நேரமில்லை. முதல் நாள் தொலைபேசியில், மாமியாராகப் போகிற சாமுண்டீஸ்வரி ஆன்ட்டி கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்: "அளவுக்குப் பழசு ஒண்ணு எடுத்துட்டு வாம்மா." அந்த அம்மாளுக்கு ரவிக்கை தைக்க அளவு ரவிக்கை வேண்டும், திரைச்சீலை தைக்கப் பழைய திரைச்சீலை வேண்டும். டேப் சொல்கிற கணக்கை அவர் என்றைக்கும் நம்பியதில்லை. ஆகவே தலையணை உறைக்கும் ஓர் அளவு உறை.

எல்லாம் கன்னத்தால் வந்த வினை. தீபாவளி முடிந்ததிலிருந்து நிரஞ்சனாவின் இடது கன்னத்தில் பருக்கள். வலது கன்னத்தில் பெயருக்கு ஒன்றுகூட இல்லை. இடது காதுக்கு மேலே முடியும் உடைந்து குச்சிகுச்சியாக நின்றது. மருத்துவர் கொடுத்த கிரீமுக்கு எதுவும் அசைந்துகொடுக்கவில்லை. மணப்பெண் அலங்காரத்துக்குப் பேசியிருந்த பெண்தான் பட்டுத் தலையணை உறையில் படுக்கச் சொன்னாள். அது போதாதா? ஆன்ட்டி கச்சையைக் கட்டிக்கொண்டு இறங்கிவிட்டார். கல்யாணத்துக்கு இன்னும் இருபத்து மூன்று நாள்.

கல்யாணம் என்று சொல்வதுகூட ஒரு பேச்சுக்குத்தான். ஐந்து வருடத்துக்கு முன்னால் அவருடைய மகன் நிதீஷ், இந்த ஊர்ப் பிள்ளைகள் கல்யாணத்துக்குக் கேட்கிற மாதிரிதான் கேட்டான்: "வீட்டுக்கு அப்ளை பண்ணலாமா?" அவளுக்கு அப்போது இருபத்து நான்கு வயது. அந்தக் கேள்வியில் காதல் இருந்தது, இல்லையென்று சொன்னால் பொய். குலுக்கலில் குவீன்ஸ்டவுனில், இனிமேல்தான் கட்டப்போகிற அரசாங்க வீவக அடுக்குமாடியில் வீடு விழுந்தபோது இரண்டு குடும்பமும் கோயிலுக்குப் போய் அர்ச்சனை செய்தன. அதற்குப் பிறகு கட்டடம் மாடி மாடியாக ஏறியது, இவர்கள் பேச்சு ஒவ்வொன்றாக இறங்கியது. சண்டை கிடையாது. இன்னொருத்தி கிடையாது. அவன் குடிப்பதில்லை, கத்துவதில்லை. ஏன் பிடிக்கவில்லை என்று யாராவது கேட்டால் சொல்வதற்கு அவளிடம் ஒரு காரணம்கூட இல்லை, அதுதான் கொடுமை.

செப்டம்பரில் சாவி வந்தது. சாவியை வாங்கினால் குறித்த காலத்துக்குள் திருமணப் பதிவுச் சான்றிதழைக் காட்ட வேண்டும். வேலை பார்க்கிற பாலர் பள்ளியில் அரை நாள் விடுப்பு எடுத்துப் போய்க் கையெழுத்துப் போட்டாள். பேனாவைக் கையில் வாங்கியபோது சொல்லியிருக்கலாம். எல்லோரும் கைப்பேசியை உயர்த்திப் பிடித்திருந்தார்கள், அவள் சிரித்துவிட்டாள். இப்போது ஊருக்கு அவள் மணப்பெண், சட்டத்துக்கு நான்கு மாத மனைவி. தாலி ஒன்றுதான் மிச்சம். வேண்டாம் என்றால் வீடு போகும், அப்பாவின் மானம் போகும், கல்யாணமே ஆகாத பெண்ணுக்கு விவாகரத்து நடக்கும். வேறு யாருக்காவது இப்படி நேர்ந்திருந்தால் அவளே விழுந்து விழுந்து சிரித்திருப்பாள். இரவில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்து, 'வேண்டாம்' என்ற அந்த ஒற்றைச் சொல்லைச் சத்தமில்லாமல் சொல்லிப் பார்ப்பாள். யாரிடம் முதலில் சொல்வது என்பதுதான் விளங்கவில்லை.

ஜாலான் புசார் பக்கம் ஒரு பழைய கடைவீட்டின் கீழ்த்தளத்தில் ரபியாவின் துணிக்கடை. ஆன்ட்டி முன்னாலேயே வந்து முக்காலியில் உட்கார்ந்து, இவளுக்கென்று வாங்கிய தே ஹாலியாவைக் கையில் வைத்திருந்தார். "இஞ்சி உடம்புக்கு நல்லது, குடி." பதிவு முடிந்த அன்றே, "தாலி ஏறுற வரைக்கும் ஆன்ட்டின்னே கூப்பிடும்மா, அப்புறம் அத்தை" என்று அவர் முறை வகுத்துக் கொடுத்திருந்தார். அதிலிருந்து நிரஞ்சனா அவரை எந்தப் பெயராலும் அழைப்பதில்லை. அவர் கெட்டவராக இருந்திருந்தால் எவ்வளவு சுலபமாக இருந்திருக்கும் என்று தே ஹாலியாவைக் குடித்தபடியே நினைத்தாள்.

ரபியா மூன்று துணிகளை மேசைமேல் விரித்துப் போட்டார். "இது காட்டன். இது சேட்டின், பாலியெஸ்டர். இது அசல் பட்டு. பளபளப்பை மட்டும் பாத்து எடுக்கக் கூடாது தங்கச்சி." சேட்டினிலிருந்து ஒரு நூலை உருவி லைட்டரில் காட்டினார். அது உருகிக் கறுப்பு மணியாகச் சுருண்டது. பட்டு நூல் எரிந்தபோது தலைமுடி கருகுகிற நாற்றம் வந்தது.

"பட்டும் முடியும் ஒரே சாதி லா. அதான் ஒண்ணோட ஒண்ணு உரசாது, முடி சிக்காது. காட்டன் எல்லாத்தையும் குடிச்சிரும், நீங்க போடுற கிரீம், மூஞ்சி ஈரம், எல்லாம். பட்டு அவ்வளவா குடிக்காது. ஆனா பரு போயிரும்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். எந்தத் துணியா இருந்தாலும் வாரம் ரெண்டு தடவ தோய்க்கணும்." பிறகு அவள் முகத்தைச் சாய்த்துப் பார்த்தார். "எப்பவும் இந்தப் பக்கந்தான் படுப்பீங்களா? கொஞ்சம் திரும்பிப் படுங்களேன்."

"பழகிருச்சு அக்கா."

திரும்பினால் தங்கை சக்தியின் கட்டில். சக்தி முகத்தைப் பார்த்தால் கேள்வி கேட்பாள். குவீன்ஸ்டவுனிலோ சுவர்ப்பக்கம் என்ற ஒன்றே இருக்கப் போவதில்லை. அறைக்கு நடுவில் பெரிய கட்டிலாகப் போட வேண்டும் என்று நிதீஷ் முடிவு செய்திருந்தான். அந்த நேரம் பார்த்து அவனிடமிருந்தே செய்தி வந்தது. 'அலமாரிக்கு என்ன கலர்? இன்னைக்கே சொல்லணுமாம்.' அவள் 'எதுன்னாலும் ஓகே' என்று அடித்து அனுப்பினாள். சில மாதங்களாக எல்லாவற்றுக்கும் அந்த ஒரே பதில்தான், அவனும் அதற்கு மேல் கேட்டதில்லை.

"பட்டே போடு ரபியா," என்றார் ஆன்ட்டி. "புதுப்பொண்ணு, ரோஸ் கலர் எடு." நிரஞ்சனாவுக்கு ஆச்சரியமாக இருந்தது. அவர் வீட்டில் தலையணை உறை அத்தனையும் கருநீலம். 'அம்மாவுக்கு வேற கலரே தெரியாது' என்று நிதீஷ் கிண்டல் செய்வான். அவர் கணவர் துரைசாமி அங்கிள்கூடச் சிரிப்பார். அங்கிள் குரல் உயர்த்தி யாரும் கேட்டதில்லை.

"அளவு?" என்று ரபியா கை நீட்டினார்.

நிரஞ்சனா பையிலிருந்து உறையை எடுத்துக் கொடுத்தாள். ரபியா அதை மேசைமேல் உதறி விரித்தபோதுதான் அவளுக்கு உறைத்தது. வெளிர்மஞ்சள் காட்டன். அதன் ஒரு பாதியில், சரியாகக் கண் படுகிற இடத்தில், கண்மை கரைந்து கறுத்துக் கிடந்தது. அதைச் சுற்றி ஈரம் காய்ந்த ஓரங்கள், ஒன்றின்மேல் ஒன்றாக. மற்றப் பாதி புதுசாக இருந்தது. ஒரு நாள் அழுகையில் அப்படி ஆகாது என்பது துணியைத் தொட்டுப் பிழைக்கிறவருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ரபியா சட்டென்று உறையைப் புரட்டிப் போட்டு, டேப்பை எடுத்து, அளப்பதில் மும்முரமானார்.

ஆனால் ஆன்ட்டி மூக்குக்கண்ணாடி போட்டிருந்தார். அவர் உறையைத் தன் பக்கம் இழுத்து மறுபடி திருப்பினார். கறையை விரலால் ஒருதரம் தடவினார்.

நிரஞ்சனா அவர் முகத்தையே பார்த்தாள். ஒரு 'ஏன்மா' போதும். கேட்டுவிட்டால் சொல்லிவிடலாம், இங்கேயே, இந்த முக்காலிகளுக்கு நடுவில். இவ்வளவு மாதம் யாரிடம் சொல்வது என்று தவித்ததற்கு இவரே வாய்த்துவிட்டார். கேளுங்கள், கேளுங்கள் என்று அவள் மனம் கெஞ்சியது.

ஆன்ட்டி கேட்கவில்லை. ரோஸ் துணியை மெதுவாக மடித்து ஓரமாக வைத்தார்.

"ரபியா, இது வேணாம். அந்த நேவி ப்ளூவ எடு."

"சாமுண்டி அக்கா, புதுப்பொண்ணுக்கா நேவி ப்ளூ?"

"எடு." பிறகு நிரஞ்சனாவின் பக்கம் திரும்பினார். குரலில் கோபம் இல்லை, குறை சொல்லும் தொனிகூட இல்லை. ஒரு வீட்டு விஷயத்தைச் சொல்லித் தருகிற குரல். "டார்க்கா இருந்தா கறை தெரியாதும்மா. கல்யாணம் பண்ணி வந்த மொத வருஷம் நான் வெள்ளை போட்டேன். அதுக்கப்புறம் இன்னைக்கு வரைக்கும் நேவி ப்ளூதான்."

கடை விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. ரபியா கருநீலப் பட்டை விரித்து, அளவு உறையைப் பக்கத்தில் வைத்து, சாக்கட்டியால் ஒரு கோடு இழுத்தார். 'வெட்டிய துணி திருப்பி வாங்கப்படமாட்டாது' என்று அவர் தலைக்கு மேலே நான்கு மொழியிலும் எழுதி ஒட்டியிருந்தது. கத்தரிக்கோலைத் துணியின் விளிம்பில் கொண்டுபோய் வைத்துவிட்டு நிறுத்தினார். ஆன்ட்டியைப் பார்க்கவில்லை, நிரஞ்சனாவைத்தான் பார்த்தார்.

"வெட்டட்டுமா தங்கச்சி?"

நிரஞ்சனா கையைத் துணிமேல் வைத்தாள், கோட்டுக்குக் குறுக்கே. பட்டு குளிர்ச்சியாக இருந்தது. உள்ளங்கை வியர்வையை அது குடிக்கவில்லை.

"அத்தை," என்றாள். சுவரிடம் சொல்லிப் பழகிய அந்த ஒற்றைச் சொல் அடுத்து வரக் காத்திருந்தது.

சாமுண்டீஸ்வரி நிமிர்ந்து பார்த்தார். அவர் கை அந்தப் பழைய மஞ்சள் உறையின் கறைமேல், சுருக்கம் எடுப்பதுபோல, முன்னும் பின்னும் போய்க்கொண்டிருந்தது. ரபியா கத்தரிக்கோலைத் திறந்தபடியே பிடித்திருந்தார்.