கவுன்சில்காரி அறை பார்க்க வந்த அன்று

கடிதத்தைக் கையில் பிடித்தபடி நாலு மாடியையும் ஓடியே ஏறி வந்தார் என் கணவர் குகதாசன். வாசலில் நின்று மூச்சு வாங்கினார். ஊரில் யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்தேன்.

"வாறாவாம்," என்றார் ஒருவழியாக. "கவுன்சிலில இருந்து. வியாழக்கிழமை பதினொரு மணிக்கு அறை பார்க்க வாறாவாம்."

1988 மே மாதம் அது. லண்டன் பாடிங்டனில் அந்த ஹோட்டலுக்கு நாங்கள் வந்து பதினான்கு மாதங்கள் ஆகியிருந்தன. வீடு கேட்டு நகரசபையான கவுன்சிலுக்கு எழுதிய கடிதங்கள் பதினொன்று. ஒவ்வொன்றுக்கும் அச்சடித்த ஒரே பதில்தான் வரும்: உங்கள் விடயம் எங்கள் கவனத்தில் இருக்கிறது. அப்படியென்ன கவனமோ, ஒரு மனிதராவது படியேறி வந்து எங்களைப் பார்த்ததில்லை.

ஹோட்டல் என்றதும் பொறாமைப்பட வேண்டாம். 'சீ பிரீஸ்', அதாவது கடற்காற்று என்று பெயர். ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் கழிவுக்குழாய்தான் தெரியும். கீழ் இரண்டு மாடிகளில் லண்டன் பார்க்க வந்த சுற்றுலாக்காரர்கள். மேல் இரண்டு மாடிகளில் வீடில்லாதவர்கள் என்று கவுன்சில் அனுப்பிவைத்த நாங்கள். அவர்கள் முன்வாசலால் வருவார்கள், நாங்கள் பின்வாசலால். எங்கள் ஓர் அறைக்குக் கவுன்சில் முதலாளிக்குக் கட்டுகிற வாடகைக்கு ரெய்னர்ஸ் லேனில் முழு வீடே எடுக்கலாம் என்று இவர் கண்டவர் காதிலெல்லாம் ஓதிக்கொண்டிருந்தார். கேட்க வேண்டியவர் இப்போதுதான் வருகிறார்.

ஆர்ச்வேயில் இரண்டு படுக்கையறை ஃபிளாட் ஒன்று காலியாகியிருக்கிறது, அதிகாரி அறையைப் பார்த்த பிறகு எங்களுக்கா மற்றவர்களுக்கா என்று முடிவாகும் என்று கடிதத்தில் இருந்தது. முருகன் கோயிலுக்கு நடந்தே போகலாம். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அன்றிரவு இரண்டு பேரும் கண் மூடவில்லை. எந்த அறை பிள்ளைகளுக்கு, எந்த அறை எங்களுக்கு என்று பிரித்துக்கூட முடித்துவிட்டோம்.

"வடிவா வைச்சிருக்கிற சனத்துக்குத்தான் நல்ல வீடு குடுப்பினம்," என்றேன் நான். "இந்தக் கோலத்தில கண்டால் அந்த ஃபிளாட்டையும் இப்பிடித்தான் ஆக்குவினம் எண்டு நினைப்பா."

"ஓம், நீர் சொல்லுறது சரிதான்," என்றார் இவர். வாழ்க்கையில் அவர் உடனே ஒத்துக்கொண்ட ஒரே விஷயம் அது. அதுவும் பிழையாகப் போனது.

எதிர் அறையில் இருந்த சிவகௌரி அக்கா வேலைக்குப் போகும்போது தன் அறையைப் பூட்டித் திறப்பைத் தந்துவிட்டுப் போனார். எங்கள் ஆறு சூட்கேசுகள், சுருட்டி வைத்த மெத்தை, அரிசி மூட்டை, தள்ளுவண்டி எல்லாம் அவருடைய அறைக்குப் போயின. கட்டிலுக்கு மேல் சுவர் முழுக்க ஈரம் ஊறிக் கறுத்துப்போய் இருந்தது. சின்னவள் பிருந்தாவுக்கு மூன்று வயது. அந்தச் சுவரோரம் படுத்துப் படுத்தே அவளுக்கு இருமல் நிற்பதில்லை. இவர் ஒரு டின் வெள்ளைப் பெயின்ட் வாங்கி வந்து இரண்டு தரம் பூசினார். மேசைக்கு விரிப்பு, ஜன்னலுக்குப் புதுத் துணி. அறையில் சமைக்கக்கூடாது என்பது ஹோட்டல் சட்டம். அதிகாரி வரும் அன்று காலை நான் கட்டிலுக்கடியில் ஒளித்து வைத்திருந்த மின்சார அடுப்பை எடுத்து, ஜன்னலைத் திறந்துவிட்டு, முப்பது வடை சுட்டேன். வாசம் இரண்டாம் மாடி வரைக்கும் போயிருக்க வேண்டும், அமெரிக்காக்காரர் ஒருவர் மேலே வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

வியாழக்கிழமை பதினொரு மணிக்குச் சரியாக மிஸஸ் ஹார்ப்பர் வந்தார். நான் கூறைச் சேலையில் நின்றேன். இவர் டை கட்டியிருந்தார். வேலைக்குப் போகாமல் நின்ற சிவகௌரி அக்கா எங்கள் பிள்ளைகள் இரண்டு பேரையும் தன் அறையில் வைத்திருந்தார். மிஸஸ் ஹார்ப்பர் மூச்சிரைத்தபடி உள்ளே வந்து, நான் காட்டிய மடக்கு நாற்காலியில் அமர்ந்து, ஒரு வடையைக் கையில் எடுத்துக்கொண்டு படிவத்தைத் திறந்தார்.

சுவரில் ஈரம் உண்டா என்று கேட்டார். "நோ, நோ, மேடம்," என்றார் இவர். அறைக்குள் சமைக்க வேண்டியிருக்கிறதா? "நோ, மேடம்." கையில் சூடான வடையுடன் அந்த அம்மா அவரை ஒருமுறை பார்த்தார். பிள்ளைகளுக்கு நித்திரை, சுகம் எல்லாம் எப்படி? "வெரி குட், மேடம். நோ ப்ராப்ளம்." வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் வேறென்ன சொல்வார்கள் எங்கள் ஆட்கள்?

ஒவ்வொரு பதிலுக்கும் படிவத்தில் ஒரு பூச்சியம் விழுந்தது. எனக்கு ஆங்கிலம் அவ்வளவு வராது, பூச்சியம் தெரியும்.

மிஸஸ் ஹார்ப்பர் பேனையை மூடிவிட்டுச் சிரித்தார். மிக அழகான அறை, இப்படி ஒரு அறையை இந்தத் தெருவிலேயே கண்டதில்லை, உங்களைவிடக் கஷ்டப்படுகிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்குத்தான் அந்த ஃபிளாட் என்றார். இவர் என் பக்கம் திரும்பி அதைத் தமிழில் சொன்னார். "ஈரத்துக்கும் நெருக்கடிக்கும்தான் புள்ளியாம், தவம். எங்களுக்கு ஒண்டும் இல்லையாம்."

எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, கோபம். அவர்மீது, என்மீது, அந்த வெள்ளைப் பெயின்ட்மீது. இருக்கட்டும் என்று எண்ணிக்கொண்டேன். மேசை விரிப்பை உருவினேன். வடைத் தட்டம் கட்டிலுக்குப் போனது. விரிப்பை நனைத்து, கட்டிலில் ஏறி நின்று, சுவரை ஓங்கித் தேய்த்தேன். ஈரச் சுவரில் பூசியது எங்கே காயும்? வெள்ளை வழிந்து என் கூறைச் சேலை முழுக்க ஒழுகியது. பின்னால் கறுப்பு வெளியே வந்தது.

"அக்கா," என்று கதவைத் திறந்து கூப்பிட்டேன். "எல்லாத்தையும் கொண்டு வாங்கோ. பிள்ளையளையும்."

பிறகு நடந்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சிரிப்பு வருகிறது. சூட்கேஸ் ஒன்று, இரண்டு, மூன்று. மெத்தை. அரிசி மூட்டை. தள்ளுவண்டி. இவரும் டையைத் தோளில் போட்டுக்கொண்டு இழுத்து வந்தார். மிஸஸ் ஹார்ப்பர் நாற்காலியோடு பின்னுக்குப் போனார், பிறகு நாற்காலியை மடித்து எங்களிடம் தந்துவிட்டு எழுந்து நின்றார், கடைசியில் கட்டிலில் ஏறி இரண்டு சூட்கேசுகளுக்கு நடுவில் முழங்காலை மடித்து உட்கார்ந்தார். நான் அடுப்பை இழுத்து அவர் காலடியில் வைத்தேன். பிருந்தா இருமிக்கொண்டே ஏறி, வழக்கமாகப் படுக்கும் இடம் அதுதான் என்பதால், அவர் மடியோடு ஒட்டிப் படுத்துக்கொண்டாள்.

"திஸ், மேடம்," என்றேன் நான். "எவ்ரி டே."

மிஸஸ் ஹார்ப்பர் சுவரைப் பார்த்தார். பிருந்தாவின் முதுகில் கையை வைத்து, இருமல் அடங்கும்வரை வைத்திருந்தார். பிறகு அந்தப் படிவத்தை நான்காகக் கிழித்துவிட்டுப் பையிலிருந்து புதிதாக ஒன்று எடுத்தார். எழுத இடமில்லாததால் எங்கள் சூட்கேஸின் மேல் வைத்துத்தான் எழுதினார். எழுதிக்கொண்டே மற்றக் கையால் இரண்டாவது வடையை எடுத்தார்.

ஒன்பதாவது நாள் வீட்டுத் திறப்பு கையில் வந்தது. ஆர்ச்வேயில் இரண்டாம் மாடி, சாமான் ஒன்றும் இல்லாத வெறும் வீடு. மூத்தவள் ஹாலில் இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் ஓடினாள். இவர் தண்ணீர்க் குழாயைத் திறப்பதும் மூடுவதுமாக நின்றார். நான் சின்னவளைத் தேடினேன்.

அவள் படுக்கையறைக் கதவுக்கு முன்னால் நின்று மெதுவாகத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, இஞ்ச ஆர் இருக்கினம்?"

"ஒருத்தரும் இல்லை, ராசாத்தி. அதுவும் எங்கடதான். திறந்து போ."

அவள் என்னை நம்பவில்லை. இன்னொரு தரம் தட்டிவிட்டு, யாராவது வந்து திறப்பார்கள் என்று காத்துக்கொண்டு நின்றாள்.