மூன்றாவது வரிசை

ஐந்து பேர் உட்காரலாம் என்று எழுதியிருக்கும் காரில் ஐந்து பேர் உட்கார முடியாது. எண்ணிக்கை சரிதான், தோள்தான் இடிக்கும். எங்கள் காரின் பின்னிருக்கையை அளந்து பார்த்தேன்: நூற்று இருபத்தெட்டு சென்டிமீட்டர். சின்னவளுக்கு ஏழு வயது. அவளை உயர்த்தி உட்காரவைக்கும் குட்டி இருக்கை மட்டுமே அதில் நாற்பத்தைந்தை எடுத்துக்கொள்ளும். மிச்சத்தில் பதினாறு வயது அக்காவும் பன்னிரண்டு வயதுத் தம்பியும் முழங்கையால் எல்லைத் தகராறு நடத்துவார்கள்.

‘எங்கள் கார்’ என்று எழுதிவிட்டேன். கார் என் மனைவியுடையது. வீடும் அவளுடையது, பிள்ளைகளும் அவளுடையவர்கள். முதல் கணவர் இறந்தபோது சின்னவள் கைக்குழந்தை. அதற்குப் பிறகு ஆறு வருடம் மூன்று பேரையும் அந்தக் காரில் ஏற்றிக்கொண்டு பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் கடைக்கும் ஒற்றை ஆளாக ஓட்டியிருக்கிறாள். நான் லிஃப்ட் மெக்கானிக். நாற்பத்தேழு வயது வரை தனிக்கட்டை. எட்டு மாதத்துக்கு முன் பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, இரண்டு துணிப்பெட்டியும் ஒரு கருவிப்பெட்டியுமாக அந்த வீட்டுக்கு வந்து சேர்ந்தேன்.

நான் வருவதற்கு முன் பெரியவள்தான் அம்மாவுக்குப் பக்கத்தில், முன்னிருக்கையில் உட்காருவாள். நான் வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை அவள் ஒரு வார்த்தை பேசாமல் பின்னால் போய் உட்கார்ந்தாள். அதிலிருந்து எங்கே கிளம்பினாலும் எனக்குக் கடைசி நிமிடத்தில் ஏதாவது வேலை முளைத்துவிடும். நீங்கள் போங்கள், நான் பின்னாலேயே பஸ்ஸில் வந்துவிடுகிறேன் என்பேன். நான் போய்ச் சேரும்போது அவர்கள் பாதி சாப்பிட்டு முடித்திருப்பார்கள். எனக்கான தட்டு மூடி வைக்கப்பட்டிருக்கும். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

வண்டி மாற்றும் பேச்சு வந்தபோது என் மனைவி, “உங்களுக்குத்தான் இதெல்லாம் தெரியும். நீங்களே பார்த்து ஒண்ணு முடிவு பண்ணுங்க” என்றாள். அந்த வீட்டில் என் கையில் விடப்பட்ட முதல் முடிவு. இதை ஒழுங்காகச் செய்தால் யாரையும் எழுப்பிவிடாமல் உட்கார எனக்கு ஓர் இடம் கிடைக்கும் என்று நம்பினேன்.

பார்த்துப் பார்த்துக் கடைசியில் இரண்டு வண்டிகள் மிஞ்சின. ஒன்று எஸ்.யூ.வி., மற்றது மினிவேன். இரண்டிலும் மூன்று வரிசை. ஒரு வெள்ளிக்கிழமை சாப்பாட்டு மேசையில் இரண்டையும் பக்கவாட்டுத் தோற்றத்தில் தாளில் வரைந்து விளக்கினேன்.

விஷயம் எளிமையானது. நான் பார்த்த எஸ்.யூ.வி.யில் பின்சக்கரங்களுக்கும் இயந்திரத்தின் இழுப்பு போகவேண்டும். அதற்காக முன்னாலிருந்து பின்னால்வரை ஒரு தண்டு ஓடும். அது போய்ச் சேரும் இடத்தில், பின் அச்சின் நடுவில், பூசணிக்காய் அளவுக்கு ஒரு பற்சக்கரப் பெட்டி தொங்கும். இதற்கெல்லாம் மேலேதான் தரை போடவேண்டும். ஆகவே தரை உயர்ந்துவிடும், ஆனால் கூரை அதோடு சேர்ந்து உயராது. அதனால் மூன்றாவது வரிசையில் மெத்தை கிட்டத்தட்ட தரையிலேயே உட்கார்ந்திருக்கும். அதில் உட்காருபவனுடைய முழங்கால் அவன் முகவாயைத் தேடிப் போகும். மினிவேனில் முன்சக்கரங்கள் மட்டுமே இழுக்கின்றன. பின்சக்கரங்கள் சும்மா உருண்டு வருபவை. தண்டு இல்லை, பெட்டி இல்லை. தரையைத் தாழ்வாக, சமமாகப் போடலாம். கடைசி வரிசையிலும் நாற்காலியில் உட்காருவதுபோல உட்காரலாம்.

நான் தண்டுவரை வந்தபோது நடுவன், அந்தப் பன்னிரண்டு வயதுக்காரன், தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தான். பூசணிக்காயில் சின்னவள் போனாள். பெரியவள் மட்டும் மரியாதைக்குக் கடைசிவரை இருந்தாள், ஆனால் காதில் ஏதோ மாட்டியிருந்தாள்.

“அம்மா, எஸ்.யூ.வி.யே வாங்கச் சொல்லு. அந்த இன்னொண்ணு ஆஸ்பத்திரி வண்டி மாதிரி இருக்கு. நாம என்ன நோயாளியா?” என்று நடுவன் உள்ளேயிருந்து குரல் கொடுத்தான்.

அம்மாவிடம் சொல்லச் சொன்னான் பாருங்கள், அதுதான் அந்த வீட்டு வழக்கம். நம் மொழியில் ஒருவரைக் கூப்பிடாமல் பேசுவது லேசில்லை. மாமா, சித்தப்பா, அங்கிள் என்று எதையாவது ஒட்டவைத்தாக வேண்டும். மூன்று பிள்ளைகளும் எட்டு மாதமாக அதை ஒட்டாமல் சமாளித்துவந்தார்கள். மேசைமேல் டீ இருப்பதாகக் காற்றிடம் சொல்வார்கள். சாவி ஆணியில் இருப்பதாகச் சுவரிடம் சொல்வார்கள். நானும் என் மனைவியும்கூட இன்னும் ஒருவரையொருவர் ‘நீங்க’ என்றுதான் பேசிக்கொண்டோம்.

மறுநாள் காலை ஐந்து பேரும் விற்பனைக் கூடத்துக்குப் போனோம். நான் பஸ்ஸில்தான் போனேன். டையை இறுக்கிக் கட்டியிருந்த விற்பனையாளர் ஒரு படிவத்தை எடுத்து வைத்துக்கொண்டு என் மனைவியிடம் குடும்பத்தில் எத்தனை பேர் என்று கேட்டார்.

“நாலு பேரு.”

அவள் யோசித்துச் சொல்லவில்லை. ஆறு வருடமாகப் பள்ளிப் படிவத்திலும் மருத்துவமனைப் படிவத்திலும் எழுதி எழுதி நாக்குக்குப் பழகிப்போன எண் அது. கவனித்ததாகவும் தெரியவில்லை, குனிந்து சின்னவளின் ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தாள். பெரியவள் மட்டும் சட்டென்று என்னைப் பார்த்துவிட்டுப் பார்வையை மாற்றிக்கொண்டாள். நான் திருத்தியிருக்கலாம். திருத்தினால் அவள் முகம் எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியும். கதவு உருளைகளைப் பார்ப்பதுபோல மினிவேன் பக்கம் நகர்ந்துவிட்டேன்.

உண்மையிலேயே பார்க்கவேண்டிய உருளைகள். மினிவேனின் பக்கக் கதவு திறக்காது, நகரும். மேலே ஒரு தடம், கீழே ஒரு தடம், நடுவில் ஒன்று. மூடும்போது குறுக்கே கை வைத்தால் மோட்டார் கூடுதலாக மின்சாரம் இழுக்கும். அதைக் கவனிக்கும் ஒரு சிறு சுற்று உடனே கதவைத் திருப்பி அனுப்பிவிடும். லிஃப்ட் கதவிலும் கிட்டத்தட்ட இதே ஏற்பாடு இருக்கிறது. நான் நான்கு முறை கை வைத்துப் பார்த்தேன்.

“வேலைக்குப் போனாலும் கதவு, இங்க வந்தாலும் கதவா?” என்று என் மனைவி சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடித்திருந்தது.

முதலில் எஸ்.யூ.வி.யை ஓட்டிப் பார்த்தோம். அவள்தான் ஓட்டினாள். ஓட்டுவதில் அவள் என்னைவிடக் கெட்டிக்காரி. பக்கத்தில் விற்பனையாளர், நடு வரிசையில் மூன்று பிள்ளைகள். எனக்கு மிச்சமிருந்தது கடைசி வரிசை. முழங்கால் நான் சொன்ன இடத்துக்கே வந்தது. ஆனால் தாளில் வரையும்போது ஒன்றை விட்டிருந்தேன். அந்தப் பற்சக்கரப் பெட்டி சத்தம் போடும். சாலையில் வேகம் பிடித்ததும் என் இருக்கைக்குக் கீழிருந்து ஒரே சீராக ஒரு ரீங்காரம் கிளம்பியது. முன்னால் நடுவன் ஏதோ சொன்னான், மூன்று தலைகளும் சிரித்துக் குலுங்கின, விற்பனையாளர்கூடத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் நடக்கும் விருந்தைப் பார்த்துக்கொண்டிருப்பதுபோல இருந்தது. ஏன் என்று தெரியாமல் நானும் சிரித்துவைத்தேன்.

பிறகு மினிவேன். அதே ஆட்கள், அதே இடங்கள். இதில் காலை நீட்ட முடிந்தது. ரீங்காரம் இல்லை. தாழ்வான தரை, நடு வரிசைக்கு ஓரமாகத் திறந்த பாதை, ஓட்டுநர் இடத்திலிருந்து கடைசிவரை ஒரே கூடு. குழாயின் ஒரு முனையில் பேசினால் மறு முனையில் கேட்குமே, அதுபோல முன்னால் பேசியதெல்லாம் பின்னால் வந்து விழுந்தது.

இது எனக்குப் புதிதல்ல. லிஃப்ட் ஓடும் கூண்டுவழிக்குள் நின்று வேலை செய்யும்போது ஒவ்வொரு தளத்திலும் கதவுக்கு வெளியே காத்திருப்பவர்கள் பேசுவது கேட்கும். கதவுக்குப் பின்னால் ஓர் ஆள் நிற்பது அவர்களுக்குத் தெரியாது. கேட்கக்கூடாது என்றுதான் நினைப்பேன். ஆனால் காதுக்கு மூடி கிடையாது.

நடுவன் குரலை இறக்கி, இழுத்து இழுத்துப் பேசினான். “இந்தக் கதவு ஏன் நகருதுன்னா… இதுல மூணு தடம் இருக்கு… முதல் தடம் என்ன பண்ணுதுன்னா…”

சின்னவள் கிக்கிக்கென்று சிரித்தாள். “பொழிப்புரை! பொழிப்புரை!”

“மெதுவாடா, காதுல விழப்போகுது” என்றாள் பெரியவள். அவளும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள்.

பொழிப்புரை. பாடப்புத்தகத்தில் செய்யுளுக்குக் கீழே, யாரும் படிக்காமல் தாண்டிப் போகும் பகுதி. எனக்கு ஒரு பெயர் இருந்திருக்கிறது. எத்தனை மாதமாக என்று தெரியவில்லை. முதலில் சுருக்கென்றது. அடுத்த தெரு திரும்புவதற்குள் வேறு மாதிரி தோன்றியது. பெயர் வைத்திருக்கிறார்கள் என்றால் நான் இல்லாத நேரத்தில் என்னைப் பற்றிப் பேசியிருக்கிறார்கள் அல்லவா?

“பாவம்டா அவர்” என்றாள் என் மனைவி. குரலில் கண்டிப்பில்லை. பிறகு சாலை நேராக வந்தது. பிள்ளைகள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள், விற்பனையாளர் தன் படிவத்தில் மூழ்கியிருந்தார். அப்போது அவள் பாட ஆரம்பித்தாள்.

வாய்க்குள்தான் பாடினாள். வார்த்தை பாதி, வெறும் ராகம் பாதி. சின்னவள் இடையில் சேர்ந்துகொண்டாள். நடுவன் கால்முட்டியில் தாளம் போட்டான். அதில் ஒரு பழக்கம் தெரிந்தது. வருடக்கணக்காக அந்தப் பழைய காருக்குள் இப்படித்தான் போயிருக்கிறார்கள். எட்டு மாதத்தில் நான் அவள் பாடிக் கேட்டதில்லை. நாங்கள் இருவர் மட்டும் காரில் போன சில தடவைகளிலும் போக்குவரத்தைப் பற்றிப் பேசியிருக்கிறாள், நான் பிரேக் எப்படிப் பிடிக்கிறது என்று விளக்கியிருக்கிறேன்.

விற்பனைக் கூடத்து வாசலில் வண்டியைத் திருப்பும்போது உள் கண்ணாடியில் அவள் கண்ணும் என் கண்ணும் சந்தித்தன. பாட்டு அந்த இடத்திலேயே நின்றது.

இறங்கியதும் என்னிடம் வந்து, “பின்னாடி ஏதாவது கேட்டுதா?” என்றாள்.

“ஒண்ணும் கேக்கலை. நான் சக்கரச் சத்தத்தைக் கவனிச்சுட்டிருந்தேன்.”

அவள் தோள் நிம்மதியாக இறங்கியதைப் பார்த்தேன். எந்த வண்டி என்று கேட்டாள். மினிவேன் என்றேன். ஏன் என்று நடுவன் கேட்டான், அம்மாவைப் பார்த்து. தரை உயரம், கதவு, சின்னவள் தானே ஏறி இறங்கும் வசதி என்று காரணங்களை அடுக்கினேன். எல்லாமே உண்மையான காரணங்கள். எந்த இருக்கையிலிருந்து என்ன கேட்கும் என்பதை மட்டும் சொல்லவில்லை. நடுவன் அந்த வாரம் முழுக்க என் பக்கம் திரும்பவில்லை. மேசைமேல் டீ இருக்கிறது என்றுகூடக் காற்றிடம் சொல்லவில்லை.

மூன்று வாரம் கழித்து வண்டி வந்தது. அன்று மாலையே எல்லோரும் கிளம்பினோம். பஸ்ஸில் வருகிறேன் என்று நான் சொல்லவில்லை. கதவு நகர்ந்து திறந்ததும் முதல் ஆளாக ஏறி, அந்த ஓரப் பாதை வழியாகக் குனிந்து போய், கடைசி வரிசையின் வலது ஜன்னலோரம் உட்கார்ந்து பெல்ட்டைப் போட்டுக்கொண்டேன். முன்னிருக்கை பெரியவளுக்கு. ஆறு வருடமாக அது அவள் இடம்.

“அங்க ஏன் போனீங்க? முன்னாடி வாங்களேன்” என்றாள் என் மனைவி.

“இங்கதான் கால் நீட்ட வசதி.”

அவள் இன்னொரு முறை கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தால் போயிருப்பேனா என்று எனக்குத் தெரியவில்லை.

ஆனால் பெரியவள் முன்னால் ஏறவில்லை. வாசலில் நின்று உள்ளே பார்த்தாள். தம்பியின் முதுகில் தட்டி, “நீ போடா முன்னாடி” என்றாள். அவன் நம்பமுடியாமல் ஓடினான். அவள் குனிந்து குனிந்து பின்னால் வந்து, என் வரிசையிலேயே இடது ஜன்னலோரம் உட்கார்ந்தாள். காதில் மாட்டும் சாமானைக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தாள். வண்டி நகர்ந்தது. முன்னால் நடுவன் ஒவ்வொரு பொத்தானாக அழுத்திப் பார்த்து அம்மாவிடம் திட்டு வாங்கினான். ஒவ்வொரு சொல்லும் எங்களுக்குத் தெளிவாகக் கேட்டது.

பெரியவள் அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு முன்னால் பார்த்தபடியே சன்னமான குரலில் பேசினாள். வண்டிக்குள் வேறு யாரும் அந்தப் பக்கம் இல்லாததால் என்னிடம்தான் பேசியிருக்கவேண்டும்.

“இங்க எல்லாமே கேக்குது.”

“ஆமா.”

“அன்னைக்கும் கேட்டுதா?”

பொய் சொல்ல நேரமிருந்தது. “கேட்டுது” என்றேன்.

அவள் கன்னம் சிவந்தது. நடுவன் செய்த நக்கலைப் பற்றியோ அந்தப் பெயரைப் பற்றியோ ஏதாவது சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். பரவாயில்லை என்று பதில்கூடத் தயாராக வைத்திருந்தேன். அவள் அதைப் பற்றிப் பேசவில்லை. ஜன்னலுக்கு வெளியே ஒரு நீண்ட மதில் முழுவதும் ஓடி முடிந்தது.

“அம்மாகிட்ட சொல்லிடாதீங்க” என்றாள். “தெரிஞ்சா பாடறதை நிறுத்திடுவாங்க.”

“சொல்ல மாட்டேன்.”

சாலை நேராக வந்தது. முன்னால் என் மனைவி, வாய்க்குள், தொடங்கினாள். பெரியவள் காதில் எதையும் மாட்டிக்கொள்ளவில்லை. மடியிலிருந்த தன் பையை எடுத்து, எங்கள் இருவருக்கும் நடுவே காலியாக இருந்த இருக்கையில் வைத்தாள்.