சந்திரமதிக்குப் பன்னிரண்டு வயது

ஐயாத்துரைக்கு ஒரே ஓர் ஆசை பாக்கி இருந்தது. தன் பெயரை அச்சில் பார்க்க வேண்டும். கல்யாணப் பத்திரிகையில் பார்த்தாயிற்று, அது கணக்கில் சேராது. டாக்டர்கள் படிக்கிற புத்தகத்தில் பார்க்க வேண்டும்.

சிங்கப்பூருக்கு வடக்கே காஹாங் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றின் ஆஸ்பத்திரியில் பதினேழு வருஷமாக அவர் டிரசர். புண்ணுக்கு மருந்து வைப்பார், காய்ச்சலுக்குக் கொயினா ஊற்றுவார், செத்தால் எழுதி வைப்பார். தோட்டத்துச் சனங்களுக்கு அவர்தான் டாக்டர். நிஜ டாக்டர்களுக்கோ அவர் காயம் கட்டுகிற ஆள். மனைவியின் தம்பி சிரம்பான் பட்டணத்தில் நிஜ டாக்டர். வருகிறபோதெல்லாம், "அத்தான், இன்னும் புண்தான் கழுவுறியளோ?" என்று சிரித்துக்கொண்டே கேட்பான். அந்தச் சிரிப்பு ஐயாத்துரைக்கு ஒரு வாரம் சோறு இறங்கவிடாது.

1934இல் சிங்கப்பூரில் மனித உடலை ஆராயும் டாக்டர்கள் மாநாடு கூட்டுவதாக அறிக்கை அனுப்பினார்கள். ஆராய்ச்சியின் சுருக்கத்தை முந்நூறு சொல்லுக்கு மேல் போகாமல் எழுதி மாதக் கடைசிக்குள் அனுப்ப வேண்டும். பட்டம் பெறாதவர்களும் அனுப்பலாம். அந்தக் கடைசி வரியை அவர் எத்தனை தடவை படித்தாரோ, காகிதமே நைந்துபோயிற்று.

அவரிடம் சரக்கு இருந்தது. மூன்று வருஷமாக மாதம் தவறாமல் தோட்டத்துப் பிள்ளைகளை நிறுத்தி உயரமும் எடையும் எழுதி வைத்திருந்தார். மொத்தம் இருநூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகள். வயதை மட்டும் அவர் கேட்கவில்லை. ஆபீஸ் பெயர்ப் பதிவில் இருந்ததை அப்படியே எடுத்துக்கொண்டார். கூட்டிக் கழித்துப் பார்த்தபோது ஓர் அதிசயம் தெரிந்தது. தோட்டத்துத் தமிழ்ப் பிள்ளைக்குப் பன்னிரண்டு வயதில் ஒன்பது வயது உடம்புதான் இருக்கிறது. ஆகவே இது இயற்கையிலேயே குறுகிய இனம். சின்ன உடம்புக்கு இப்போது கிடைக்கிற சோறே போதும். இதைப் படித்த தோட்டத்து வெள்ளைக்காரத் துரைக்கு வாயெல்லாம் பல். ஆபீஸ் டைப் யந்திரத்தையே கொடுத்து அடித்துக்கொள்ளச் சொன்னார்.

தபாலில் போடுகிற அன்று காலை அங்கம்மா வந்தாள். ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவள், புருஷன் காளியப்பன் போன வருஷம் காய்ச்சலில் போய்விட்டான். பக்கத்தில் மகள் சந்திரமதி இருமிக்கொண்டு நின்றாள். தோளில் கம்பு போட்டு, இரண்டு பக்கமும் பால் வாளி தூக்கித் தூக்கி, அந்தப் பிள்ளையின் தோள்பட்டையில் ஒரு புண் ஆறாமலே இருந்தது.

"ஐயா, இவ பேர வேலையிலேருந்து எடுத்துடச் சொல்லி ஒரு சீட்டு எழுதிக் குடுங்கய்யா. ராவெல்லாம் இருமுறா. நிப்பாட்டி வெச்சா, காலைல வேலைக்குப் பேர் கூப்பிடுற பெரட்டுல கங்காணி எனக்கும் சேத்துப் பேர் போட மாட்டேங்கறாரு."

"பன்னிரண்டு வயசுப் பிள்ளை. வேலை செய்யிற வயசுதானே."

அங்கம்மா தரையைப் பார்த்தாள். "ஒம்போதுதாங்கய்யா. பேர் பதியறப்ப நாந்தான் கூட்டிச் சொன்னேன். சின்னப் புள்ளைய எடுக்கக் கூடாதுன்னு சட்டமாம், கங்காணிதான் அப்பிடிச் சொல்லச் சொன்னாரு. நான் மட்டும் இல்லீங்க. லயத்து வீடுகள்ல எல்லாரும் ரெண்டு மூணு கூட்டித்தான் சொல்லியிருக்கோம்."

ஐயாத்துரை கணக்குப் போட்டுப் பார்த்தார். ஒரு பிள்ளை என்றால் ஒரு பெயரை அடித்துவிடலாம். எல்லாரும் என்றால்? மூன்று வருஷம், முந்நூறு சொல், சிரம்பான் மைத்துனன் முகத்தில் விழப்போகிற கரி, எல்லாம் இவள் ஒருத்தியின் வாயில் போய்விடும்.

"வாயைத் திற பிள்ளை" என்றார்.

சந்திரமதி திறந்தாள். பதினேழு வருஷமாகப் பல் பிடுங்குகிற மனிதருக்குப் பார்க்கத் தெரியாதா? பக்கவாட்டுப் பற்கள் இன்னும் பால் பற்கள். ஒன்று விழுந்த இடம் ஓட்டையாக இருந்தது. பன்னிரண்டில் முளைக்க வேண்டிய கடைவாய்ப் பல்லுக்கு அடையாளமே இல்லை. அங்கம்மா சொன்னது சத்தியம். ஒரு நாள் மெனக்கெட்டால் இருநூற்றுப் பன்னிரண்டு வாயையும் திறந்து பார்த்துவிடலாம். அவர் அந்த ஒரு வாயையும் மூடச் சொன்னார்.

"பார்ப்பம்" என்று இருமல் மருந்து கொடுத்து அனுப்பிவிட்டு, உறைக்குத் தபால்தலை ஒட்டினார். தலை கோணாமல் இருக்கிறதா என்று பார்த்தும்கொண்டார். அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

ஆறு வாரத்தில் பதில் வந்தது. சுருக்கம் ஏற்கப்பட்டது, புத்தகத்தில் அச்சாகும். சபையில் காட்டுவதற்குப் பன்னிரண்டு வயதுப் பிள்ளை ஒன்றை அழைத்து வரவும்.

எந்தத் தாய் சிங்கப்பூருக்குப் பிள்ளையை அனுப்புவாள்? ஐயாத்துரை லயம் லயமாகக் கேட்டார், எல்லாரும் கதவைச் சாத்திக்கொண்டார்கள். கடைசியில் அங்கம்மாவிடம் போனார். சந்திரமதி எல்லாரிலும் சின்னவள், பார்வைக்கும் எடுப்பாகக் குள்ளமாக இருப்பாள்.

"அங்கை பெரிய பெரிய டாக்டர்மார் இருக்கினம். அவையள் பார்த்து ஒரு வார்த்தை எழுதினால் துரை தட்ட மாட்டார்" என்றார். ஒவ்வொரு சொல்லும் உண்மை. பொய்யை உண்மையால் கட்டத் தெரிந்தவர் அவர்.

அங்கம்மா அவர் காலைத் தொட்டாள். இருந்த நல்ல பாவாடையைத் துவைத்துப் போட்டு, தலை வாரி, மகளை லாரியில் ஏற்றிவிட்டாள். ஒரு காரியத்தை மட்டும் மறந்துபோனாள். பெயர் பதிந்த நாளில், யார் கேட்டாலும் பன்னெண்டு என்று சொல்லும்படி அந்தப் பிள்ளையை விளக்குமாற்றால் அடித்துப் பழக்கியிருந்தாள். இனி அப்படிச் சொல்ல வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை. டிரசர் ஐயா கூடப் போகிறார், அவர் எல்லாம் சொல்லிக்கொள்வார் என்று விட்டுவிட்டாள்.

குளுவாங்கில் ரயிலேறி, கடல் பாலம் தாண்டிச் சிங்கப்பூர் போய்ச் சேர்ந்தார்கள். மறுநாள் மண்டபத்தில் நாற்பது டாக்டர்கள். சந்திரமதியை மேசைமேல் ஏற்றி, பாவாடையை அவிழ்க்கச் சொல்லி, கோவணத்தோடு நிறுத்தினார்கள். அவள் இரண்டு கையாலும் மார்பை மூடிக்கொண்டாள். அளக்க வசதியில்லை என்று ஒருவர் கையை இறக்கிவிட்டார். ஐயாத்துரை பக்கத்தில் நின்று முந்நூறு சொல்லையும் தங்கு தடையில்லாமல் வாசித்தார்.

முன் வரிசையிலிருந்து ஒரு கிழட்டு வெள்ளைக்காரர் எழுந்து வந்தார். மேசையருகே குனிந்து, பிள்ளையின் தாடையைப் பிடித்து வாயைத் திறந்தார். விரலை விட்டுக் கடைவாய் வரை தடவினார்.

"இது ஒன்பது வயது வாய்" என்று ஆங்கிலத்தில் சொன்னார். "வயதை எங்கிருந்து எடுத்தீர்கள்?"

"தோட்டத்துப் பதிவிலிருந்து."

"பிள்ளையையே கேளுங்கள்."

ஐயாத்துரைக்கு மூளை வேலை செய்தது. அந்த மண்டபத்தில் தமிழ் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். அவள் எதைச் சொன்னாலும் பன்னிரண்டு என்றே ஆங்கிலத்தில் சொல்லிவிடுவது என்று ஒரு கணத்தில் முடிவு கட்டினார்.

"பிள்ளை, உனக்கு எத்தினை வயசு?"

சந்திரமதி விளக்குமாற்றடி வாங்கிய பிள்ளை. நிமிர்ந்து நின்று, பத்து விரலையும் விரித்துக் காட்டி மடக்கி, மறுபடி இரண்டு விரலை நீட்டினாள்.

"பன்னெண்டு."

மொழிபெயர்க்கிற சிரமத்தைக்கூட அவள் அவருக்கு வைக்கவில்லை. கிழவர் அவள் விரல்களைப் பார்த்தார், தலையை ஆட்டினார். "அப்படியானால் இந்த இனத்தில் பல்கூடத் தாமதமாகத்தான் முளைக்கிறது. மிக முக்கியமான கண்டுபிடிப்பு. அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்" என்றார். மண்டபம் கை தட்டியது. ஐயாத்துரைக்குக் கண் கலங்கிவிட்டது. பேனாவை எடுத்து அந்த வரியையும் எழுதிக்கொண்டார்.

தோட்டத்துக்குத் திரும்பியபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. அங்கம்மா வேலை முடிந்த கையோடு, ரப்பர்ப் பால் காய்ந்த முழங்கையைக்கூடக் கழுவாமல் ஆஸ்பத்திரி வாசலில் நின்றாள்.

"என்னங்கய்யா சொன்னாங்க? எழுதிக் குடுத்தாங்களா?"

அப்போதும் நேரம் இருந்தது. மேசையில் சீட்டுப் புத்தகம் கிடந்தது. ஒரு வரி எழுதினால் போதும்.

"அவையள் பிள்ளையைத்தான் கேட்டவை. நாற்பது டாக்டருக்கு முன்னாலை தன்ரை வாயாலை பன்னிரண்டு எண்டு சொல்லிப்போட்டாள். இனி நான் என்னத்தை எழுத?"

அங்கம்மா மகளைத் திரும்பிப் பார்த்தாள். பிள்ளையின் முகமெல்லாம் சிரிப்பு. அம்மா மெச்சப் போகிறாள் என்று வழி நெடுகக் காத்துக்கொண்டு வந்திருக்கிறது.

"மறக்கவே இல்லம்மா. அந்தத் தொரை வாய்க்குள்ள வெரல் விட்டாரு, அப்பக்கூட நான் அழுவல. சரியாச் சொல்லிட்டேன்."

அங்கம்மாவின் கை தானாக மேலே எழுந்தது. அடிக்கத்தான் எழுந்தது. பாதி வழியில் நின்று, பிள்ளையின் தலையில் இறங்கியது.

"சரியாத்தான் சொன்ன" என்றாள். "வா, வெள்ளனப் படுக்கணும். காலைல பெரட்டு."