துத்தநாகம் தின்ற புழுக்கள்

1

இந்தக் கதை ஒரு வெள்ளிக்கிழமைக் காலையில் எங்கள் சமையலறையில் பிறந்தது. நான் அவித்த அவரையை மசித்துக்கொண்டிருந்தேன். என் மனைவி இனாஸ் எலுமிச்சம்பழம் பிழிந்துகொண்டே சொன்னாள்:

"நல்லா சுத்தம் பண்ணினேன். செத்துப்போச்சு."

சொன்னது ஆய்வகத்தில் அவள் உருவாக்கிய மருந்து மூலக்கூறைப் பற்றி. ஆறு வருடம் வளர்த்தது. சொல்லிவிட்டு, சீரகம் போதவில்லை என்றாள். எனக்குக் கோபம் வந்தது. இப்படி ஒரு விஷயத்தை இவ்வளவு நிதானமாக ஒருத்தி சொல்லக் கூடாது. அவள் அழப்போவதில்லை, நானாவது ஏதாவது செய்வோம் என்று எழுத உட்கார்ந்தேன். மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருப்பார்களே, யாரும் படிக்காத தாள், அதை எழுதுவது என் பிழைப்பு. கதை எழுதுவது வியாதி.

முதல் தொடக்கம்: "நைல் நதியின் மேல் அந்தி சாயும் வேளையில், ஆய்வகச் சன்னலருகே நின்ற இனாஸ்..."

அடித்துவிட்டேன்.*

* "எங்க சன்னல்ல தெரியறது பக்கத்துக் கட்டடத்து ஏசி பெட்டியோட முதுகு. நைல் பாக்கணும்னா மைக்ரோபஸ்ல எனக்கு சன்னல் சீட்டு கிடைக்கணும்." (இனாஸ்)

இரண்டாம் தொடக்கம்: "பில்ஹார்சியா என்ற புழுநோயில் கல்லீரல் கெட்டு, ரத்தம் கக்கி இறந்த அண்ணனின் முகம் அவள் நினைவில்..."

"எனக்கு அண்ணனே கிடையாதே" என்றாள்.

"கதைக்கு வேணும். நீ ஏன் இந்த வேலைக்கு வந்தேன்னு படிக்கறவங்க கேப்பாங்க."

"சம்பளத்துக்கு. அப்புறம், இது எனக்கு நல்லா வரும். உனக்குத்தான் மூணு அண்ணன் இருக்காங்களே, ஒருத்தரைக் கொன்னுக்கோ."

அண்ணனும் போனான்.

2

இனாஸ் மருந்து கண்டுபிடிக்கிறாள் என்றால் உறவுக்காரர்கள் தலைவலிக்கு மாத்திரை கேட்கிறார்கள். மாத்திரை இருக்கும் இடத்துக்கும் அவள் இருக்கும் இடத்துக்கும் வெகுதூரம். அவள் முதல் படியில் நிற்கிறவள். வாய்க்கால் தண்ணீரில் கால் வைத்தவர்களின் உடம்புக்குள் நுழைந்து, ரத்தக் குழாய்க்குள் குடித்தனம் நடத்தும் ஒரு புழு இருக்கிறது. அதைக் கொல்லும் பொருளைத் தேடுகிறார்கள். கிடைத்தால் அதன் ஒரு மூலையை மாற்றிச் செய்து, கண்ணாடித் தட்டில் புழுவோடு விட்டுப் பார்க்கிறார்கள். கொஞ்சம் நன்றாகக் கொன்றால் அந்த மாற்றத்தை வைத்துக்கொண்டு அடுத்த மூலை. வாழ்நாள் முழுக்க மூலைகள்.

இதற்கு முன் அவள் கையில் மூன்று போய்விட்டன. ஒன்று எலியின் கல்லீரலைக் கெடுத்தது. ஒன்று தண்ணீரில் கரையவே மாட்டேன் என்றது. இன்னொன்று நன்றாகத்தான் வேலை செய்தது. பணம் போட்டவர்களுக்கு அந்த நோயின் மேல் ஆசை விட்டுப்போனது. அவள் செய்த எதுவும் இதுவரை ஒரு மனிதத் தொண்டையில் இறங்கியதில்லை. அடுத்த வருடம் ஓய்வு. இதுதான் கடைசி.

3

நடந்தது இவ்வளவுதான். (சுலபமாகச் சொல்கிறேன்; மேலும் சுலபமாக்கினால் அவள் என்னோடு பேசமாட்டாள்.)

மூலக்கூறின் இரண்டு பாதிகளைக் கடைசியாக ஒட்டவைக்கத் துத்தநாகம் சேர்ப்பார்கள். ஒட்டியதும் கழுவி எடுத்துவிடுவார்கள். எடுத்துவிட்டோம் என்று ஆறு வருடம் நினைத்திருந்தார்கள். அவர்கள் அன்றாடம் செய்யும் சோதனைகளில் உலோகம் தென்படாது. அடுத்த கட்டம் எலி. அதற்கு நிறைய வேண்டும், துப்புரவாகவும் வேண்டும். இனாஸ் உலோகத்தைக் கவ்வி இழுக்கும் பிசின் ஒன்றில் ஊற்றி வடிகட்டினாள். தூள் பால்போல் வெளுத்து வந்தது. தட்டில் போட்டால், புழுக்கள் கல்யாண வீட்டுக்கு வந்ததுபோல் நெளிந்துகொண்டிருந்தன.

அவளுக்கு அப்போதே சந்தேகம் வந்தது. இன்னொரு தட்டில் மருந்தே போடாமல், அலமாரியில் கிடந்த துத்தநாக உப்பை மட்டும் ஒரு சிட்டிகை கரைத்து விட்டாள். புழுக்கள் சுருண்டு செத்தன.

கொன்றது அழுக்கு. எந்த மூலக்கூறு அழுக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டதோ அதை நல்ல மருந்து என்று கொண்டாடியிருக்கிறார்கள். அடுத்த மூலை, அடுத்த மூலை என்று இன்னும் நன்றாக அழுக்கைப் பிடிக்கக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள்.

அந்தத் தட்டுகளைப் பார்த்தவர்கள் இரண்டே பேர். இனாஸ், புழுக்களை வளர்க்கும் டாக்டர் தர்வத். ஞாயிற்றுக்கிழமை, எங்கள் ஊரில் வாரத்தின் முதல் வேலை நாள், கூட்டம். எலிக்குப் போகலாமா வேண்டாமா என்று முடிவெடுக்கும் கூட்டம்.

4

சனிக்கிழமை தர்வத் பஸ்பூசா வாங்கிக்கொண்டு வந்தார். துக்கம் கேட்க வருகிறவர் இனிப்போடு வருவதா என்று நினைத்தேன்.

"எலிக்கு அனுப்பிடலாம், டாக்டரம்மா."

"எதை?"

"சுத்தமானதைத்தான். ஆறு மாசம் எலி சாப்பிடும், ஒண்ணும் நடக்காது. எலிகிட்ட தோத்துப்போச்சுன்னு எழுதுவோம். எலிகிட்ட தோக்காத மருந்து எத்தனை இருக்கு? உங்களை யாரும் ஒரு வார்த்தை கேக்கமாட்டாங்க."

"எனக்குத் தெரியுமே."

"உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும், கடைசில எலிக்கும் தெரிஞ்சிரும். இன்னும் யாருக்குத் தெரியணும்?"

இனாஸ் தேநீர் ஊற்றினாள்.

"நாளைக்கு வாயைத் திறந்தீங்கன்னா பிஷோயும் ஷெரிஹானும் அடுத்த மாசம் வீட்டுல" என்றார். இருவரும் அவளுக்குக் கீழே ஒப்பந்தத்தில் வேலை செய்யும் இளம் வேதியியலாளர்கள். "பிஷோய்க்கு ஃப்ளாட் பாதிதான் முடிஞ்சிருக்கு. ஃப்ளாட் இல்லாதவனுக்கு யாரு பொண்ணு தருவா? ஆறு மாசம் கெடச்சா வேற இடம் பாத்துப்பாங்க."

"தெற்கே ஒரு பொண்ணு நம்ம கட்டுரையைப் படிச்சுட்டு இதையே முனைவர் பட்டத்துக்கு எடுத்திருக்கா. வாரா வாரம் எங்கிட்ட சந்தேகம் கேக்கறா. அவளுக்கு என்ன சொல்ல?"

"நல்லா கழுவச் சொல்லுங்க."

இருவரும் சிரித்தார்கள். அப்புறம் தர்வத் சிரிக்கவில்லை. "எனக்கும் வலிக்குதும்மா. அந்தப் புழுக்களை நான் பிள்ளை மாதிரி வளர்த்தேன், உங்க மருந்துல சாகறதுக்காக" என்றார்.

5

[இங்கே இனாஸ் தொழுகை விரிப்பில் அமர்ந்து கண்ணீர்விடும் காட்சி இருந்தது. எடுத்துவிட்டேன். அவள் வெங்காயம் நறுக்கும்போதும் அழாதவள்.]

இந்த இடத்தில் எனக்கு ஒரு பயம் வந்துவிட்டது. நதியை எடுத்தேன், அண்ணனை எடுத்தேன், கண்ணீரை எடுத்தேன். எடுக்க எடுக்கக் கதை வெளுத்துக்கொண்டே வருகிறது. என் பழைய கதைகளைப் படித்து யாராவது கலங்கியிருந்தால், அது இந்த மாதிரிச் சாமான்களால்தானோ என்னவோ. மிச்சம் இருப்பது களைத்துப்போன ஒரு பெண்ணும் ஒரு கூட்டமும். இது உங்களை ஏதாவது செய்கிறதா என்று எனக்குத் தெரியாது. செய்யாவிட்டால் குற்றம் என்னுடையது, அவளுடையது இல்லை.

6

முடிவு அ: இனாஸ் எழுந்து உண்மையைச் சொல்கிறாள். அறை அமைதியாகிறது. பிறகு ஒருவர் கைதட்ட, மற்றவர்களும்...

முடிவு ஆ: இனாஸ் பேசவில்லை. கோப்பில் கையெழுத்தாகிறது. எலிகள்...

இன்று புதன்கிழமை. கூட்டம் முடிந்து மூன்று நாளாகிறது. அவள் என்ன செய்தாள் என்று எனக்குத் தெரியும். இரண்டு முடிவையும் அவளிடம் காட்டி, நடந்ததை எழுதட்டுமா என்று கேட்டேன்.

"ரெண்டும் வேணாம்" என்றாள்.

"ஏன்?"

"பேசலைன்னு எழுதினா திட்டுவாங்க. திட்டிட்டுப் போகட்டும். பேசினேன்னு எழுதினா பாராட்டுவாங்க. என்னால அதைத்தான் தாங்க முடியாது." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "இத்தனை வருஷம் வேலை பாத்தேன். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, நல்ல மருந்து செஞ்சேன்னு யாராவது சொல்லுவாங்கன்னு இருந்தேன். நான் செஞ்சது மருந்தே இல்லைன்னு சொன்னதுக்கா எனக்குப் பாராட்டு?"

அவளோடு இத்தனை காலம் குடித்தனம் செய்திருக்கிறேன், இப்படி ஒரு ஆசை அவளுக்கு இருந்தது எனக்குத் தெரியாது.

எனவே என்னிடம் முடிவு இல்லை. கூட்டத்தில் அவளுடைய நாற்காலியை உங்களுக்குத் தருகிறேன். நீளமான மேசை. தர்வத் உங்களுக்கு எதிரே உட்கார்ந்து தேநீரைக் கலக்கிக்கொண்டே இருக்கிறார். பிஷோயும் ஷெரிஹானும் சுவரோரம். ஷெரிஹான் உங்களைப் பார்த்துச் சிரிக்கிறாள், அவளுக்கு எதுவும் தெரியாது. தெற்கேயிருந்து அந்தப் பெண் இந்த வாரமும் சந்தேகம் கேட்டிருக்கிறாள், நீங்கள் இன்னும் பதில் போடவில்லை. தலைவர் ஃபைலை மூடப்போகிறார். சம்பிரதாயத்துக்குக் கேட்கிறார்:

"டாக்டரம்மா, நீங்க வேற ஏதாவது சொல்லணுமா?"