சிவந்த காசு

அன்று அந்தக் கடையில் இருந்தவர்கள்: குடும்பத்துக்கு மூத்தவன் என்ற முறையில் நான், என் தம்பி, அவன் மனைவி, எங்கள் தங்கையின் கணவர், பிறகு பழைய நாணயங்களைப் பரிசோதித்து வாங்கும் கடைக்காரர். வேறு யாரும் இல்லை.

தம்பி டயர் கம்பெனியில் டயரை அச்சில் வைத்து வேகவைக்கும் பிரஸ் ஓட்டினவன். "உங்க கந்தகப் புகைய இனிமே நீங்களே மோந்துக்கிட்டு இருங்க" என்று சூப்பர்வைசரிடம் எல்லார் முன்னிலையிலும் சொல்லிவிட்டு வேலையை உதறிவிட்டு வந்திருந்தான். அதோடு நிற்காமல் அவருடைய அம்மாவையும் பேச்சில் இழுத்திருக்கிறான். எங்கள் வீட்டில் யாரும் அப்படி வாய் விட்டதில்லை.

எல்லாம் ஒரு காசு கொடுத்த துணிச்சல். பழுதான பிரஸ் ஒன்றைப் பெயர்த்து எடுத்தபோது, பின்னால் நீராவிக் குழாயை ஒட்டி அது கிடந்ததாம். வெள்ளையாக இருக்க வேண்டிய காசு, கிட்டத்தட்ட முழுக்கச் செம்பு நிறம். காசு அடிக்கும் இடத்திலேயே செம்புத் தகடு தவறி விழுந்து இப்படி ஆகும், அதை வாங்க ஆட்கள் அடித்துக்கொள்வார்கள் என்று செல்போனில் எவனோ பேசியதை நம்பிவிட்டான். கடைக்குப் போவதற்கு முன்பே வேலையை விட்டுவிட்டான். அவன் அவசரம் அப்படி.

கடைக்காரர் ஒரு சாதாரணக் காசையும் தம்பியின் காசையும் மாறி மாறித் தராசில் வைத்தார்.

"வேற காசுக்கு வெட்டின செம்புத் தகடு இந்தக் காசோட அச்சுல விழுந்திருந்தா எடை மாறியிருக்கும். ரெண்டும் ஒண்ணுபோல இருக்குங்க."

"எடை தற்செயலா ஒத்துப்போகும்" என்றான் தம்பி.

"சின்ன மச்சானுக்குத் தெரியாததா" என்றார் தங்கை கணவர். "செல்போன்லயே படிச்சு முடிச்சிட்டாரே."

"மாப்பிள்ளை, கொஞ்சம் சும்மா இருங்க" என்றேன்.

கடைக்காரர் லென்ஸை என் பக்கம் நகர்த்தினார். "நீங்களே பாருங்கய்யா. இந்தக் கீறல் எல்லாம் கை மாறி அலைஞ்சப்ப விழுந்தது. கீறலுக்குள்ளயும் அதே செவப்பு இருக்கு பாருங்க. அப்படின்னா கீறல் முந்தி, நிறம் பிந்தி. அடிக்கும்போதே வந்த நிறமா இருக்க முடியாது. பின்பக்கம் ஒரு ஓரம் மட்டும் வெள்ளையா இருக்கில்ல? அந்த இடம் எதுமேலயோ ஒட்டிக் கிடந்திருக்கு, புகை ஏறல. சூட்டுலயும் கந்தகத்துலயும் ரொம்ப நாள் வெந்திருக்கு. எங்க கிடந்துது?"

அவன் மனைவி சொன்னாள்.

"பிரஸ்ஸுக்குப் பின்னால, நீராவிக் குழாய் பக்கத்துல. கம்பெனியில முதல்ல வர்றவங்க பிரஸ் மூடி மேல ஒரு காசு வைப்பாங்க. வச்சா அன்னைக்கு அந்த பிரஸ் அவங்களுக்கு. வேற யாரும் தொடக் கூடாது." பிறகு கணவன் பக்கம் திரும்பினாள். "ஒருநாள் நீங்க வச்ச காசு காணாமப் போச்சே. பக்கத்து பிரஸ்காரர் எடுத்துட்டார்னு சட்டையப் பிடிச்சீங்க. இன்னிக்கு வரைக்கும் அவரோட பேச்சு இல்ல. அது பின்னால விழுந்து கிடந்திருக்குங்க."

கடைக்காரர் காசைத் துணியால் துடைத்து, இரண்டு கையாலும் தம்பியிடம் கொடுத்தார். "காசுல போட்டிருக்கிற விலை என்னவோ அதுக்குத்தாங்க இது போகும். மன்னிக்கணும்."

தெருவுக்கு வந்ததும் தம்பி என் கையைப் பிடித்துக்கொண்டான். "அண்ணா, வேற கடை பாக்கலாம்." வேறு கடைக்கும் போனோம். அங்கே லென்ஸ்கூட எடுக்கவில்லை.

மறுநாள் நான் மட்டும் டயர் கம்பெனிக்குப் போனேன். யாரிடமும் எதற்காகவும் போய் நின்ற பழக்கம் எனக்கு இல்லை. அன்று நின்றேன். சூப்பர்வைசர் எழுந்து நாற்காலி போட்டார். அது எனக்கு இன்னும் கூச்சமாக இருந்தது.

"அவன் பேசினதுக்கு நான் மன்னிப்புக் கேட்டுக்கிறேன்" என்றேன்.

"நீங்க போய் அப்படிச் சொல்லலாமா, ஐயா. உங்க மேல எனக்கு மரியாதை உண்டு. ஆனா அவர் இடத்துக்குப் புது ஆள் எடுத்தாச்சு, அவர் பிரஸ் மேல அந்த ஆள் காசு வச்சிட்டாரு. அதை நான் எடுக்க முடியாது. எடுத்தா நாளைக்கு ஒருத்தனும் என் பேச்சைக் கேக்க மாட்டான்."

அது நியாயம். நியாயமாக இருந்ததால் எனக்கு வாதாடவும் வழியில்லை. கண்ணாடிச் சன்னல் வழியாகப் பார்த்தேன். தம்பியின் இடத்தில் நின்றவன் நன்றாகவே வேலை செய்தான்.

தம்பி இப்போது வெளியே இறங்குவதில்லை. அவனுடைய வயதுக்கு வேறு எந்த ஆலையும் ஆள் எடுப்பதில்லை. நான் கேட்காத இடம் இல்லை. அவன் மனைவி தினமும் என் முகத்தைப் பார்க்கிறாள். "மாமா, ஏதாவது தகவல் உண்டா?" இல்லை என்று சொல்லச் சொல்ல என் குரல் எனக்கே கேட்காமல் போகிறது.

கடைக்காரர் காசை உள்ளே கொண்டுபோய் மாற்றிவிட்டார் என்று ஒரு பேச்சு உலவுகிறது. அதைக் கிளப்பிவிட்டவன் என் தம்பியாகவே இருந்தாலும் சொல்கிறேன்: அவர் நாற்காலியை விட்டு எழவே இல்லை. காசு எங்கள் கண்ணெதிரே மேஜை மேல்தான் இருந்தது. நாங்கள் கொண்டுபோனதும் திரும்பக் கொண்டுவந்ததும் ஒரே காசு.